நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளின் பட்டியல்

நியூ ஆம்ஸ்டர்டாம்
12 ஜனவரி 2004

அன்புத் தங்கை ஒஸ்லினுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கருப்புக் கேக் பத்திரமாக வந்தது. அடிப்பக்கம் கருகியிருந்தது. இருந்தாலும் கூடப்பிறந்தவள் செய்ததாயிற்றே என்று தின்று முடித்தேன். ஜார்ஜ்டவுனில் மழை எப்படி? நூலகத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறதா, இல்லை வாளி வைத்துச் சமாளிக்கிறீர்களா?

விஷயத்துக்கு வருகிறேன். என் ஐவிரல் பழச் சாறு தயாராகிவிட்டது. இனிப்புச் சேர்க்காதது, ஆறு மாதம் கெடாதது. சர்க்கரை நோயாளிகள் நாற்பது பேருக்கு எட்டு வாரம் தினமும் காலையில் ஒரு தம்ளர் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கப் போகிறேன். மருத்துவமனை ஒத்துக்கொண்டுவிட்டது. நம் பல்கலைக்கழக நெறிக்குழு மட்டும் மூக்கை நுழைக்கிறது. மனிதர்களுக்கு எதையும் கொடுப்பதற்கு முன்னால், அதைப் பற்றி இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தேடியாயிற்று என்று ஒரு நூலகர் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினேழு வருடமாக உணவு வேதியியல் நடத்துகிற எனக்கு நூலகர் சான்றிதழ். அடுத்த வருடம் வாட்ச்மேன் சான்றிதழ் கேட்பார்கள்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் பார்த்த ஐம்பத்து நான்கு கட்டுரைகளின் பெயரும் அதில் இருக்கிறது. நீ ஒன்றும் படித்துத் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கீழே வலது மூலையில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டுச் செவ்வாய்க்கிழமை வருகிற பல்கலைக்கழக வேனில் அனுப்பிவிடு.

பழம் தருவது சந்தையில் கடை வைத்திருக்கும் எல்வினா கோர்ட். அவளுக்கும் சர்க்கரை. "என் பழத்த ஊரே குடிக்கும், நான் மட்டும் வேடிக்கை பாக்கணுமா டாக்டர்? என் பேரையும் எழுதுங்க" என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். ஜனங்களுக்கு இருக்கிற தெளிவு குழுக்களுக்கு இல்லை.

உன் அண்ணன்,
ஆப்ரி ஃபோர்டைஸ்


ஜார்ஜ்டவுன்
20 ஜனவரி 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

கேக்கின் கருகலைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி. கூரை ஒழுகுகிறது. வாளிகள் இருக்கின்றன. நாங்கள் நலம்.

உன் பென்சில் குறியைப் பார்த்தேன். கையெழுத்துப் போடவில்லை.

போன வாரம் பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து உன்னைப் போல ஒரு மேதை வந்தார். மரவள்ளி ரொட்டியில் இரும்புச் சத்துச் சேர்ப்பது பற்றி அறுபது கட்டுரைகள் சேர்த்து வைத்திருந்தார். சரிபார்த்தேன். அதில் மூன்றை எழுதியவர்களே தவறு என்று சொல்லித் திரும்பப் பெற்றிருந்தார்கள். சொன்னேன். "அச்சுல வந்துருச்சே மிஸ், வந்தது வந்ததுதானே" என்றார். "அப்படின்னா காலாவதியான மாத்திரையும் மாத்திரைதானே சார், முழுங்குறீங்களா?" என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார். நாளைக்கு இவர் சொல்லித்தான் பள்ளிப் பிள்ளைகள் ரொட்டி தின்னப் போகிறார்கள்.

உன் ஐம்பத்து நான்கும் உணவு அறிவியல் பத்திரிகைகள். சாற்றின் நிறம், புளிப்பு, எத்தனை நாள் கெடாது, இதுதான். மருத்துவத் தரவுத்தளத்தில் ஒரு நிமிடமாவது தேடினாயா? நாம் ஐவிரல் என்கிறோம். பிரேசில்காரன் கரம்போலா என்கிறான். வேறு ஊர்களில் நட்சத்திரப் பழம். எந்தப் பெயரில் தேடினாய்? அந்த நாற்பது பேருக்குச் சர்க்கரை தவிர வேறு என்னென்ன வியாதி? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? இதற்குப் பதில் எழுது. இல்லை, ஒரு நாள் படகு ஏறி இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார். தேடித் தருகிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெருக்கல் குறி மேல் கையெழுத்துப் போடுவதற்கு இல்லை.

தங்கை,
ஒஸ்லின்


நியூ ஆம்ஸ்டர்டாம்
27 ஜனவரி 2004

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை ஆசிரியர் ஓய்வறையில் உரக்கப் படித்தேன். மௌபிப் பட்டைப் பானம் குடித்துக்கொண்டிருந்த விவசாயத் துறை ஹின்ட்ஸுக்குப் புரையேறிவிட்டது. "யாருப்பா இது, இவ்வளவு அதட்டுறாங்க?" என்றார். "என் தங்கச்சிதான். புஸ்தகத்துக்குத் தூசி தட்டுறவ. தட்டித் தட்டி டாக்டராயிட்டதா நெனப்பு" என்றேன். அறையே சிரித்தது.

கோபித்துக்கொள்ளாதே. உண்மையைச் சொல்கிறேன். அப்பா உன்னை ஜமைக்காவுக்கு அனுப்பிப் படிக்கவைத்தது, புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வதற்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அதன் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ.

நோயாளிகளுக்கு வேறு என்ன வியாதி என்று கேட்கிறாய். ஐம்பது அறுபது வயது ஆட்கள். உடம்பில் நாலு கோளாறு இருக்கத்தான் செய்யும். நூறு வருடமாக நம் ஜனங்கள் இந்தப் பழத்தை உப்புத் தொட்டுத் தின்கிறார்கள், கேக்கில் போடுகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதற்கு எந்தப் பெயரில் தேட வேண்டும்?

பதினாறாம் தேதி தொடங்குகிறேன். அதற்குள் கையெழுத்து வரவில்லை என்றால் நூலக இயக்குநரிடம் பேசுவேன். உனக்குத் தேட அவ்வளவு ஆசையாக இருந்தால் தேடு, பட்டியல் போடு, கையெழுத்தோடு அனுப்பு. எத்தனை பக்கம் இருந்தாலும் சரி. மேஜையில் இடம் இருக்கிறது.

ஆப்ரி


ஜார்ஜ்டவுன்
10 பிப்ரவரி 2004

டாக்டர் ஃபோர்டைஸ் அவர்களுக்கு,

கேட்டபடி தேடல் முடிந்தது. ஆறு தரவுத்தளங்கள், ஐந்து பெயர்கள், நான்கு மொழிகள். நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள், சுருக்கங்களுடன், ஆசிரியர் பெயர் அகர வரிசையில். மொத்தம் நூற்று முப்பது பக்கம். தேடல் நடந்தது என்பதற்கு என் கையெழுத்து படிவத்தில் இருக்கிறது. குழுவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன்.

படித்துப் பார்க்கவும்.

ஒ. ஃபோர்டைஸ்
நூலகர்


நியூ ஆம்ஸ்டர்டாம்
1 மார்ச் 2004

அன்புத் தங்கைக்கு,

வந்தனம், நூலகர் அம்மையாரே. இவ்வளவு விறைப்பாக எழுதுவாய் என்று தெரிந்திருந்தால் நானும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பிரித்திருப்பேன்.

உன் பட்டியல் ரொம்பப் பயன்படுகிறது. பழம் பிழியும் மெஷின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலுக்கு அடியில் உன் நூற்று முப்பது பக்கத்தையும் வைத்தோம். இப்போது ஆடாமல் நிற்கிறது. குழுவில் உன் கட்டின் கனத்தைப் பார்த்தே திருப்தி அடைந்துவிட்டார்கள். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. முப்பத்தெட்டுப் பேர். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று குடித்துவிட்டுப் போகிறார்கள். பாதிப் பேருக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியிருக்கிறது. பத்திரிகைக்காரன் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான்.

எல்வினாதான் கூட்டத்தில் கலகலப்பு. கால் வீங்கியிருக்கிறது, செருப்பு நுழையவில்லை, அப்படியும் முதல் ஆளாக வந்துவிடுகிறாள். "கிட்னி களைச்சுப் போச்சுன்னு கிளினிக்குல சொல்றாங்க டாக்டர். இந்த வயசுல எதுதான் களைக்கல?" என்கிறாள். சனிக்கிழமையிலிருந்து அவளுக்கு விக்கல். நிற்கவே இல்லை. விக்கலுக்குக் கைவைத்தியம் என்று நெற்றியில் சிவப்பு நூலை எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டு இன்றைக்கு வந்திருந்தாள். வரிசையே சிரித்தது. நேற்றெல்லாம் வாந்தி என்றாள். கடையில் மீன் சரியில்லாமல் இருந்திருக்கும். சாறு வயிற்றுக்கு நல்லது என்று ஒரு தம்ளர் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஈஸ்டருக்கு வா. கோபத்தை வாளியில் போட்டுவிட்டு வா.

அண்ணன்,
ஆப்ரி


ஜார்ஜ்டவுன்
2 மார்ச் 2004, பிற்பகல் 3 மணி

ஆப்ரி,

உன் கடிதம் இப்போதுதான் வேனில் வந்தது. மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை "கையெழுத்துதான் வந்துருச்சே, இன்னும் என்ன?" என்று வைத்துவிட்டாய். மற்ற இரண்டு முறை எடுக்கவே இல்லை. உன் ஊருக்கு எதிர்க்கரை ரோசிக்னோல் போகும் வாடகைக் கார் டிரைவரிடம் இதைக் கொடுத்து, காரோடு படகேறி வரச் சொல்லி அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சாற்றை நிறுத்து. யாருக்கும் இன்னொரு சொட்டு கொடுக்காதே.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்தப் பழம் விஷம். உடம்பால் அதை வெளியேற்ற முடியாது, மூளைக்கு ஏறிவிடும். முதலில் விடாத விக்கல், பிறகு வாந்தி, பிறகு புத்தித் தடுமாற்றம், வலிப்பு. செத்தவர்கள் இருக்கிறார்கள். மிஸ் எல்வினாவை இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்று சொல். நான் அங்கே வார்டுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பழத்தின் பெயரைக் கேட்டு அந்த நர்ஸ் சிரித்தாள். நீ டாக்டர், நீ சொன்னால் கேட்பார்கள்.

மற்ற முப்பத்தேழு பேரையும் வரவழைத்துச் சிறுநீர், ரத்தம் இரண்டும் பார்க்கச் சொல்.

பட்டியலில் எண் 61, 118, 207, 208, 340. மெஷினைத் தூக்கிவிட்டுப் பார்.

ஒஸ்லின்


நியூ ஆம்ஸ்டர்டாம்
23 மார்ச் 2004

ஒஸ்லின்,

எல்வினா கோர்ட் ஐந்தாம் தேதி இறந்துவிட்டார் என்பது உனக்குத் தெரியும். அடக்கத்தன்று நீ கடைசி வரிசையில் நின்றதைப் பார்த்தேன். நான் உள்ளே வரவில்லை. வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

எப்படி நடந்தது என்று யாரும் உனக்கு முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். உன் டிரைவர் இரண்டாம் தேதி ஐந்தரைக்கு வந்தார். ஆய்வகக் கதவு திறந்திருந்தது. கடிதத்தை வாங்கி மேஜையில் வைத்தேன். "இப்பவே பிரிக்கணும்னு அந்தம்மா சொன்னாங்க சார். நீங்க பிரிக்கற வரைக்கும் நான் போகமாட்டேன்" என்று அவர் அங்கேயே நின்றார். அதனால்தான் பிரித்தேன். அவர் காரிலேயே எல்வினா வீட்டுக்குப் போனோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னை யாரோ என்று நினைத்து, "இன்னிக்கிப் பழம் தீந்துபோச்சு, நாளைக்கி வாங்க" என்றார்.

இங்கே ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மறுநாள் ஓதம் வடிந்து ஆற்றில் நீர் குறைந்திருந்ததால் படகு மூன்று மணி நேரம் நகரவில்லை. படகில் வைத்துத்தான் முதல் வலிப்பு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். நான் யார் என்று தெரியாமலே என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்களைச் சோதித்ததில் நான்கு பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கு மேல் போயிருந்தது. அதில் ஒருவருக்கு விக்கல் தொடங்கியிருந்தது. பிழைத்துக்கொண்டார்கள். உன் கடிதத்தால் பிழைத்தார்கள். இதை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது.

மெஷினுக்கு அடியிலிருந்து உன் பட்டியலை எடுத்துப் படித்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. பதினேழு வருடமாகப் பாடம் நடத்துகிறவன், ஒரு பழத்தைப் பற்றி உலகம் என்ன எழுதியிருக்கிறது என்று முதல் முறையாகப் படித்தேன். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில் இருந்தது 207. நான் எவ்வளவு கேவலமான ஆள் என்று எனக்கு யாரும் இனி சொல்ல வேண்டியதில்லை. கோடு கிழித்து அந்தப் பக்கம் நீ என்று எழுதியவன் நான்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நேற்று ஹின்ட்ஸ் வந்தார். தன் மரவள்ளிப் பயிர் ஆய்வுக்கு நீ செய்து கொடுத்த தேடலைக் காட்டினார். பொருள்வாரியாகப் பிரித்திருந்தாய். ஆபத்து எதுவும் இருந்தால் அது முதலில். மேலே ஒரு பக்கத்துக்கு உன் கைப்பட சுருக்கம். மூன்று இடத்தில் சிவப்பில் அடிக்கோடு. "உங்க தங்கச்சி எல்லாருக்கும் இப்படித்தானப்பா செஞ்சு தருவாங்க. உனக்குத் தரலையா?" என்றார்.

எனக்கு அகர வரிசையில் வந்தது. ஏன்?

ஆப்ரி


ஜார்ஜ்டவுன்
30 மார்ச் 2004

ஆப்ரி,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். குழுவுக்கும் இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன், அதனால் இதை வைத்து என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டிய சிரமம் உனக்கு இல்லை.

ஜனவரி 31, சனிக்கிழமை. நூலகத்தில் நான் மட்டும். மருத்துவத் தளத்தில் கரம்போலா என்று தட்டினேன். முதல் பக்கத்திலேயே பிரேசில் ஆஸ்பத்திரி ஒன்றின் கட்டுரை வந்தது. படித்தேன். அடுத்தது, அதற்கடுத்தது என்று பதினொன்று படித்தேன். எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆப்ரி. சந்தோஷம். மாட்டினான் என்று நினைத்தேன். ஓய்வறையில் சிரித்த ஒவ்வொரு முகத்தையும் நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை, வழக்கம் போலச் சுருக்கம் எழுதினேன். "சர்க்கரை நோயாளிகளில் பலருக்குச் சிறுநீரகமும் கெட்டிருக்கும். அவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது." இதுதான் முதல் வரி. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். பிறகு தோன்றியது, இவனுக்கு எதற்கு நான் ஸ்பூனில் ஊட்ட வேண்டும்? புத்தகம் எங்கே இருக்கிறது என்று சொல்வதுதானே என் வேலை? சொல்லிவிடுகிறேன். உள்ளே என்ன என்று அவனே பார்க்கட்டும். அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பொருள்வாரியாக இருந்ததைக் கலைத்து அகர வரிசையில் மாற்றினேன். அதற்கு அரை நாள் ஆனது. உனக்கு உதவுவதற்குச் செலவிட்டதைவிட, உதவாமல் இருப்பதற்கு அதிகம் உழைத்தேன்.

நீ படித்து, முகம் செத்துப்போய், போன் செய்வாய் என்று காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் கூடத் தயாராக இருந்தது. போன் மணி அடிக்கும் போதெல்லாம் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பதினாறாம் தேதி வந்தது, போனது. நீ படித்துவிட்டு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டிருப்பாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். இரண்டு வாரம் கேட்கவில்லை.

குழுவிடம் "அவர் விஞ்ஞானி, படிப்பார் என்று நம்பினேன்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது பொய். நீ படிக்கமாட்டாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உன்னோடு வளர்ந்தவள் நான்.

உன் ஆய்வகத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னை ஆய்வாளர்கள் பக்கமிருந்து எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாள் கட்டுகள் இருக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே யாருக்கும் என்னால் ஆபத்து இல்லை.

மாறுவதற்கு முதல் நாள் மிஸ் எல்வினாவின் மகள் வந்தாள். ஜெனெல். பேக்கரியில் வேலை செய்கிறாள், அந்த உடுப்போடே வந்திருந்தாள்.

"எங்கம்மாவப் பத்தி எழுதின பேப்பரெல்லாம் இங்க இருக்காமே. நான் பாக்கலாமா?"

"அம்மாவப் பத்தி இல்லம்மா. அந்தப் பழத்தப் பத்தி."

"ரெண்டும் ஒண்ணுதான் இப்ப."

உட்கார வைத்தேன். அந்தப் பதினொரு கட்டுரைகளையும் எடுத்துவந்தேன். ஒவ்வொன்றாக, புரியாத வார்த்தைகளையெல்லாம் விட்டுவிட்டு, என்ன ஆனது, ஏன் ஆனது, எப்போது நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னேன். இரண்டு மணி நேரம். நிறையக் கேள்வி கேட்டாள். நல்ல கேள்விகள். உன் துறையில் ஒருத்தரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கம் எழுதி, சிவப்பில் அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். அதை எடுத்துப் படித்தாள்.

"இவ்வளவு தெளிவா இருக்கே. இத டாக்டருக்குக் குடுத்தீங்களா?"

"இந்தப் பக்கத்தக் குடுக்கல. பட்டியல் குடுத்தேன். அதுல இது இருந்துச்சு."

"எத்தனாவது?"

"இருநூத்தி ஏழாவது."

"ஏன் ஒண்ணாவதா இல்ல?"

சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். அவள் காத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அவசரம் எதுவும் இல்லை.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

"ஜனவரி கடைசியில."

"எங்கம்மா பிப்ரவரி நடுவுலதான் குடிக்க ஆரம்பிச்சாங்க."

"ஆமாம்மா."

தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். எழுந்தவள், மேஜை மேல் என் பெயர்ப் பலகையை அப்போதுதான் கவனித்தாள்.

"நீங்க அந்த டாக்டருக்குச் சொந்தமா?"

"தங்கச்சி."

"கூடப்பொறந்த தங்கச்சியா?"

"ஆமா."

தலையிலிருந்து கால் வரை ஒரு முறை என்னைப் பார்த்தாள்.

"தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒஸ்லின்